பாயிண்டைக் காசாக்கினால் முட்டாளா? ஒரு டாக்டரின் நீண்ட இழை

1/
போன வாரம் எங்க டாக்டர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு ஸ்க்ரீன்ஷாட் போட்டேன். மூணு வருஷமா சேர்த்த 1,80,000 ரிவார்டு பாயிண்டை 45,000 ரூபாயாக மாற்றி கிரெடிட் கார்டு பில்லில் கழித்துக்கொண்டேன் என்று. பத்து நிமிஷத்துல நாற்பது மெசேஜ். "சார், ஒண்ணே முக்கா லட்சத்தை முப்பத்தஞ்சு, நாப்பதுக்கு வித்த மாதிரி ஆயிடுச்சே." "எம்.டி. முடிச்சவர் செய்ற வேலையா இது?" ஒருத்தர் கண்ணீர் அஞ்சலி போஸ்டரே போட்டார், என் பாயிண்டுகளுக்கு.

2/
குரூப்பில் பதில் சொன்னால் சண்டையாகும். அதனால் இங்கே எழுதுகிறேன். நான் முட்டாள்தனம் செய்தது உண்மை. ஆனா அவங்க நினைக்கிற இடத்துல இல்ல. காசாக்கியது முட்டாள்தனம் அல்ல. மூணு வருஷம் காசாக்காமல் வைத்திருந்ததுதான். ஏன் என்று சொல்கிறேன். உங்க பர்ஸிலும் ஒரு "டிராவல்" கார்டு இருந்தால் கடைசி வரைக்கும் படிச்சிடுங்க.

3/
முதலில் அடிப்படை. டிராவல் கார்டு பாயிண்டுக்கு ஒரே விலை கிடையாது. விமான டிக்கெட், ஹோட்டல் போட்டால் ஒரு விலை. மிக்ஸி, ஹெட்போன், கிஃப்ட் வவுச்சர் வாங்கினால் அதைவிடக் குறைவு. பில்லில் காசாகக் கழித்தால் பெரும்பாலும் எல்லாவற்றையும் விடக் குறைவு. இது தற்செயல் இல்லை. நீங்கள் காசு கேட்கக் கூடாது என்றே வைத்த விலை அது.

4/
என் கார்டு எதுன்னு சொல்லப் போறதில்லை. கணக்குக்கு எல்லோரும் கனவு காணும் ஒரு கார்டை எடுத்துக்கொள்வோம்: ஹெச்டிஎஃப்சி இன்ஃபினியா. 150 ரூபாய் செலவுக்கு 5 பாயிண்ட். அவர்கள் தளத்தில் விமானம், ஹோட்டல் போட்டால் ஒரு பாயிண்ட் ஒரு ரூபாய். பில்லில் காசாகக் கழித்தால் 30 பைசா. ஆண்டுக் கட்டணம் 12,500 ரூபாய், ஜிஎஸ்டி சேர்த்து 14,750. கட்டணம் கட்டினால் 12,500 பாயிண்ட் தருவார்கள்.

5/
வருஷத்துக்கு 6 லட்சம் செலவு செய்கிறவர் என்று வைப்போம். 20,000 பாயிண்ட். கட்டணத்துக்குக் கிடைத்ததையும் சேர்த்தால் 32,500. விமானத்தில் போட்டால் 32,500 ரூபாய். காசாக்கினால் 9,750. கட்டியது 14,750. அதாவது காசாக்குகிறவர் வருஷத்துக்கு 5,000 ரூபாய் கைக்காசு போட்டு, "நான் பிரீமியம் கார்டு வச்சிருக்கேன்" என்ற பெருமையை வாங்குகிறார். லவுஞ்சில் சாப்பிட்ட இட்லியைக் கழித்துக்கொண்டாலும் காஸ்ட்லி இட்லிதான்.

6/
"பாத்தீங்களா டாக்டர், நாங்க சொன்னதைத்தானே நீங்களும் சொல்றீங்க" என்பீர்கள். பொறுங்க. 32,500 பெரிசா, 9,750 பெரிசான்னு எல்கேஜி பையனே சொல்லுவான். என் கேள்வி வேற. அந்த 32,500 ரூபாய் டிக்கெட்டை, பாயிண்டே இல்லாவிட்டாலும் உங்க சொந்தக் காசில் வாங்கியிருப்பீர்களா? ஆமாம் என்றால் அது உண்மையான 32,500. இல்லை என்றால் அது யாரோ ஒட்டிய விலைச் சீட்டு.

7/
இந்த இடத்தில் ஒரு மருத்துவக் கதை. மாரடைப்பு வந்து பிழைத்தவர்களுக்கு இதயத் துடிப்பில் இடையிடையே தப்புத் துடிப்பு வரும். அது அதிகம் இருப்பவர்கள் சீக்கிரம் இறக்கிறார்கள் என்று தெரிந்தது. அப்போ மாத்திரை கொடுத்து தப்புத் துடிப்பை அடக்கினால் உயிர் பிழைப்பார்கள்தானே? நியாயமான யோசனை. மாத்திரை கொடுத்தார்கள். ஈசிஜி அழகாக ஆனது. எல்லோருக்கும் சந்தோஷம்.

8/
பிறகு காஸ்ட் என்ற ஆய்வில் ஒரு பாதிக்கு மாத்திரை, ஒரு பாதிக்கு வெற்று மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். 1989ல் முடிவு வந்தது. என்கைனைடு, ஃப்ளெகைனைடு என்ற அந்த மாத்திரைகளைச் சாப்பிட்டவர்கள்தான் அதிகம் இறந்திருந்தார்கள். ஈசிஜி நன்றாக இருந்தது, நோயாளி இல்லை. அன்றிலிருந்து எங்களுக்குச் சொல்லிக் கொடுப்பது ஒன்றுதான்: பேப்பரில் இருக்கும் எண்ணுக்கு வைத்தியம் பண்ணாதே, ஆளுக்கு வைத்தியம் பண்ணு.

9/
"ஒரு பாயிண்டுக்கு எத்தனை பைசா" என்பது அந்த ஈசிஜி மாதிரிதான். ஒரு ரூபாய் வந்தால் கெட்டிக்காரன், ஒண்ணரை வந்தால் குரு, 30 பைசா வந்தால் முட்டாள். ஆனால் உங்க குடும்பத்துக்கு முக்கியமான கேள்விகள் இரண்டுதான். வருஷக் கடைசியில் கையில் எவ்வளவு காசு மிஞ்சியது? நீங்கள் ஆசைப்பட்டது நடந்ததா? இந்த இரண்டையும் எந்த குருவும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்துப் போடுவதில்லை.

10/
ஒரு உதாரணம். ஒன்றரை லட்சம் ரூபாய் பிசினஸ் கிளாஸ் டிக்கெட்டை 1,00,000 பாயிண்டில் போட்டாச்சு, பாயிண்டுக்கு ஒண்ணரை ரூபாய் எடுத்தாச்சு என்று ஒருவர் குதிக்கிறார். பாயிண்ட் இல்லாவிட்டால் அவர் 30,000 ரூபாய் எகானமியில் போயிருப்பார். அப்படியானால் மிச்சமானது 30,000 ரூபாய், கூடவே கால் நீட்டிப் படுத்த சுகம். அந்த சுகத்துக்கு அவர் மனசார பத்தாயிரம் கொடுப்பார் என்றால் பாயிண்டுக்கு 40 பைசா. நம்ம 30 பைசா முட்டாளுக்கும் இவருக்கும் 10 பைசாதான் வித்தியாசம்.

11/
இப்ப என் கதை. அம்மாவுக்கு 74 வயசு. தங்கச்சி சிங்கப்பூரில் இருக்கிறாள். அம்மா அந்த வீட்டைப் பார்த்ததே இல்லை. எங்க ஊரில் இருந்து திருச்சி விமான நிலையம் இரண்டு மணி நேரம், அங்கிருந்து சிங்கப்பூருக்கு நேரடி விமானம் இருக்கு. சாதாரண டிக்கெட் போட்டு என்றைக்கோ கூட்டிட்டுப் போயிருக்கலாம். ஆனா நான்தான் பாயிண்ட் படிச்ச மேதாவி ஆச்சே. சென்னையிலிருந்து பிசினஸ் கிளாஸில், பாயிண்டில், "முழு மதிப்பு" எடுத்துத்தான் அம்மாவைக் கூட்டிட்டுப் போவேன்னு முடிவு பண்ணிட்டேன்.

12/
பாயிண்ட் சேரும்போது சீட் திறக்காது. சீட் திறக்கும்போது எனக்கு லீவு கிடைக்காது. இரண்டும் அமைந்தால் ஒருவருக்கு மட்டும் சீட் இருக்கும். அம்மா அப்பப்ப கேட்பாங்க, "எப்படா போறோம்?" நான் சொல்லுவேன், "இரும்மா, நல்ல டிக்கெட் வரட்டும்." "எனக்கு எந்த டிக்கெட்டா இருந்தா என்னடா, ஜன்னல் பக்கம் இருந்தா போதும்" என்பாங்க. இதை இப்போது டைப் பண்ணும்போது கை நிற்கிறது.

13/
போன வருஷம் ஐப்பசியில் அம்மா பாத்ரூமில் வழுக்கி விழுந்தார். இடுப்பு எலும்பு முறிவு. ஆபரேஷன் நல்லபடியா முடிந்தது. இப்போது வாக்கர் பிடித்து வாசல் வரைக்கும் நடக்கிறார். நாலு மணி நேரம் ஒரே இடத்தில் உட்கார முடியாது. இனிமேல் விமானம் என்ற பேச்சு எங்க வீட்டில் இல்லை. அதே சமயத்தில் வங்கியில் இருந்து ஒரு மெயில்: அடுத்த மாதம் முதல் விமான நிறுவனங்களுக்குப் பாயிண்ட் மாற்றும் விகிதம் பாதி. நான் காத்திருந்த "முழு மதிப்பு" ஒரு மெயிலில் போச்சு.

14/
அன்றைக்கு ராத்திரிதான் காசாக்கும் பட்டனை அழுத்தினேன். பாயிண்டுக்கு 25 பைசா. கார்டு பில்லில் 45,000 குறைந்தது. பில் கட்ட எடுத்து வைத்திருந்த அந்த 45,000, அம்மாவைப் பகலில் பார்த்துக்கொள்ள வரும் அக்காவுக்கு இரண்டரை மாசச் சம்பளம். குரூப்பில் சிரித்தது இதைப் பார்த்துத்தான். நான் நஷ்டப்பட்டது 25 பைசாவில் இல்லை ஐயா. அம்மா ஜன்னல் சீட் கேட்ட ரெண்டு வருஷத்தில்.

15/
"அது உங்க கெட்ட நேரம் சார்" என்று ஒரு நண்பர் ஆறுதல் சொன்னார். கெட்ட நேரம் இல்லை. பாயிண்டின் குணமே அதுதான். வங்கியில் போட்ட பணத்துக்கு வட்டி வரும். பாயிண்டுக்கு வட்டி கிடையாது. அதன் மதிப்பை ஒரு தரப்பு மட்டும், நினைத்தபோது மாற்றலாம். நீங்கள் கையெழுத்துப் போட்ட விதிமுறையிலேயே அது இருக்கு. உங்க பணத்தை இப்படி ஒருவரிடம் கொடுத்து வைப்பீங்களா?

16/
ஊரறிந்த உதாரணம்: ஆக்சிஸ் மேக்னஸ். ஒரு காலத்தில் மாதம் ஒரு லட்சம் செலவு செய்தால் 25,000 பாயிண்ட் கூடுதலாகக் கொடுத்தார்கள். 5 பாயிண்ட் கொடுத்தால் விமான நிறுவனத்தில் 4 மைல். 2023 செப்டம்பரில் அந்த 25,000 நின்றது. 5க்கு 4 என்பது 5க்கு 2 ஆனது. சேர்த்து வைத்தவர்களின் கையிருப்பு, அவர்கள் ஒன்றும் செய்யாமலேயே, பாதியாகக் கரைந்தது. விஸ்தாராவையே எடுத்துக்குங்க. 2024 நவம்பரில் ஏர் இந்தியாவோடு இணைந்து அந்தப் பெயரே இல்லாமல் போனது. பாயிண்டுகள் ஏர் இந்தியா கணக்குக்குப் போயின, ஆனால் எந்த விமானத்தை நம்பிச் சேர்த்தார்களோ அது இல்லை. இதெல்லாம் சட்டப்படி தவறில்லை. அதுதான் பிரச்சினையே.

17/
அடுத்தது, கார்டு தூண்டும் செலவு. 2001ல் அமெரிக்காவின் எம்ஐடியில் பிரெலெக், சிமெஸ்டர் என்ற இருவர் ஒரு பரிசோதனை செய்தார்கள். கூடைப்பந்து ஆட்ட டிக்கெட்டுக்கு ஏலம். ஒரு பிரிவினர் ரொக்கமாகக் கட்ட வேண்டும், மற்றவர் கிரெடிட் கார்டில். கார்டில் கட்டலாம் என்றவர்கள் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வரை விலை கேட்டார்கள். அதே டிக்கெட், அதே மாதிரி ஆட்கள். மாறியது கட்டும் விதம் மட்டும். 3 சதவீதம் பாயிண்ட் கிடைக்கிறதே என்று 20 சதவீதம் அதிகம் செலவழித்தால் யாருக்கு லாபம்?

18/
எனக்கே நடந்திருக்கு. "8 லட்சம் செலவு பண்ணினா ஆண்டுக் கட்டணம் இல்லை, 10 லட்சம் பண்ணினா போனஸ் பாயிண்ட்" என்று ஒரு கோடு போட்டிருப்பார்கள். மார்ச் மாசம் 40,000 ரூபாய் குறைந்தது. வீட்டில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஃபிரிட்ஜை மாற்றினேன். 12,000 கட்டணத்தை மிச்சம் பிடிக்க 40,000 செலவு. இதைச் செய்துவிட்டு மறுநாள் ஓபியில் ஒரு சர்க்கரை நோயாளியிடம், "ஆஃபர்ல போட்டான்னு ரெண்டு கிலோ ஸ்வீட் வாங்கலாமாம்மா?" என்று கேட்டேன். அவங்க சிரிச்சாங்க. எனக்குத்தான் சுருக்குன்னுச்சு.

19/
சரி, இந்தப் பாயிண்டுக்குக் காசு எங்கிருந்து வருகிறது? ஒரு பகுதி கடைக்காரர் வங்கிக்குக் கட்டும் கமிஷன். யூபிஐயில் ஸ்கேன் பண்ணினால் வாயைத் திறக்காத மருந்துக் கடை அண்ணாச்சி, கார்டை நீட்டினால் "ரெண்டு பர்சென்ட் ஆகும் சார்" என்பது அதனால்தான். இன்னொரு பகுதி, பில்லை முழுதாகக் கட்ட முடியாதவர்கள் கட்டும் வட்டி. இங்கே நம் நாட்டில் பல கார்டுகளில் மாதத்துக்கு 3.5 முதல் 3.75 சதவீதம். வருஷத்துக்குக் கணக்குப் போட்டால் 42 முதல் 45. கந்துவட்டிக்காரர்கூட கொஞ்சம் யோசிப்பார்.

20/
30 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்குவது நியாயமற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008ல் சொல்லியிருந்தது. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்துவிட்டது. இப்போது அந்த உச்சவரம்பும் இல்லை. அமெரிக்காவில் ஃபெடரல் ரிசர்வ் 2023ல் வெளியிட்ட ஓர் ஆய்வு, கார்டு ரிவார்டு முறையால் வருஷத்துக்குச் சுமார் 1,500 கோடி டாலர் படிப்பும் வருமானமும் குறைந்தவர்களிடமிருந்து அதிகம் உள்ளவர்களிடம் கைமாறுகிறது என்று கணக்கிட்டது. டாக்டர் லவுஞ்சில் குடிக்கும் காபிக்கு மினிமம் ட்யூ மட்டும் கட்டும் ஒரு ஸ்டாஃப் நர்ஸ் காசு கொடுக்கிறார் என்று அர்த்தம். அந்த நர்ஸ் நம்ம வார்டிலேயே இருக்கலாம்.

21/
இப்ப குருமார்கள். "இந்த லிங்க்ல அப்ளை பண்ணுங்க" என்று முடிகிற வீடியோக்களைப் பார்த்திருப்பீர்கள். அந்த லிங்கில் நீங்கள் கார்டு வாங்கினால் அவர்களுக்கு வருமானம் வரும். அது தப்பென்று சொல்ல மாட்டேன், சொல்லிவிட்டுச் செய்தால். ஆனால் டாக்டர்களே, நமக்கு இது புதுசா? 2024 மார்ச்சில் மத்திய அரசு கொண்டுவந்த மருந்து விற்பனை நெறிமுறை, கம்பெனிகள் டாக்டர்களுக்குப் பரிசும் பயணச் செலவும் கொடுக்கக் கூடாது என்கிறது. ஏன்? ஓசி டிக்கெட் ஒருவருடைய பேனாவை என்ன பண்ணும் என்று எல்லோருக்கும் தெரியும். அதே டிக்கெட் உங்க பர்ஸை ஒன்றும் பண்ணாதா?

22/
"அப்போ எல்லாரும் எப்பவும் காசாக்கணும்னு சொல்றீங்களா?" இல்லை. ஒரே மருந்து எல்லோருக்கும் ஆகாது. ஆளைப் பார்த்து எழுதுகிறேன், பொறுமையா படிங்க.

23/
ஒன்று: ஒரு மாதமாவது பில்லை முழுசாகக் கட்ட முடியாமல் பாக்கி வைக்கிறீர்களா? உங்களுக்குப் பாயிண்ட் பேச்சே வேண்டாம். இருக்கிற பாயிண்டை எந்த விலைக்காவது காசாக்கி பாக்கியில் கழியுங்கள். 42 சதவீத வட்டிக் கடனைக் குறைக்கிற 30 பைசாவைவிட நல்ல முதலீடு இந்த நாட்டில் கிடையாது. அதற்கப்புறம் கார்டை டிராயரில் வைத்துப் பூட்டுங்கள்.

24/
இரண்டு: எப்படியும் விமானத்தில் போகிறவரா? பையன் டெல்லியில் படிக்கிறான், மாநாட்டுக்குப் போகிறீர்கள், மகள் பிரசவத்துக்குப் பெங்களூரு போகணும். சொந்தக் காசில் போட இருந்த அதே டிக்கெட்டைப் பாயிண்டில் போடுங்கள். அந்தக் காசு கணக்கில் மிஞ்சும். அதுவும் பாயிண்டைக் காசாக்குவதுதான், நல்ல விலைக்கு. ஆனால் அதே விமானம் வெளியே என்ன விலை என்று ஒருமுறை பார்த்துவிட்டுப் போடுங்கள்.

25/
மூன்று: வருஷத்துக்கு ஒரு விமானப் பயணம்கூட இல்லாதவரா? உங்களுக்கு டிராவல் கார்டே தேவையில்லை. கட்டணம் குறைவான, நேரடியாகக் காசு கழியும் சாதாரண கேஷ்பேக் கார்டுகள் இருக்கின்றன. பயணமே செய்யாமல் டிராவல் கார்டு வைத்து வருஷா வருஷம் காசாக்குவது, பிரஷரே இல்லாதவர் பிரஷர் மாத்திரை சாப்பிடுவது போல. காசாக்குவது தப்பில்லை. அந்தக் கார்டை அடுத்த வருஷமும் புதுப்பிப்பதுதான் தப்பு.

26/
நான்கு: யாராக இருந்தாலும், உங்க பாயிண்டைக் காசாக்கும் விலையில்தான் மனசுக்குள் கணக்கு வையுங்கள். 1,00,000 பாயிண்ட் இருந்தால் "என்கிட்ட ஒரு லட்சம் இருக்கு" என்று சொல்லாதீர்கள். 30,000 இருக்கு. அதற்கு மேல் கிடைத்தால் லாபம். இந்த ஒரு பழக்கம் போதும், தேவையில்லாத பாதிச் செலவு தானாக நிற்கும்.

27/
ஐந்து: வருஷத்துக்கு ஒரு நாள் குறித்துக்கொள்ளுங்கள். பிறந்த நாளோ, ஆடி பதினெட்டோ, ஏதோ ஒன்று. அன்றைக்கு அடுத்த மூணு மாசத்தில் தேதி போட்ட பயணம் இருந்தால் டிக்கெட் போடுங்கள். இல்லை என்றால் காசாக்குங்கள், யார் சிரித்தாலும். "எப்பவாவது" என்ற தேதிக்குச் சேமிக்காதீர்கள். வயசான அப்பா அம்மா விஷயத்தில் "எப்பவாவது" என்ற தேதி காலண்டரில் கிடையாது. இதை நான் டாக்டராகச் சொல்லவில்லை.

28/
கடைசியாக, இன்றைக்குக் குரூப்பில் யாராவது "பாயிண்டைக் காசாக்கிட்டேன்" என்று போட்டால் அவரைக் கேலி பண்ணாதீர்கள். அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. ஸ்கூல் ஃபீஸாக இருக்கலாம், ஆஸ்பத்திரியாக இருக்கலாம். பர்ஸில் இருப்பது நம்ம காசு. அதைக் காசாக வாங்குவதற்கு வெட்கப்பட வைப்பதுதான் இந்த வியாபாரத்தின் மிகப் பெரிய வெற்றி.

29/
தங்கச்சி அடுத்த மாசம் குழந்தைகளோடு இங்கே வருகிறாள். எகானமி டிக்கெட். திருச்சிக்கு நேரடி விமானம். சொந்தக் காசில் நானே போட்டுக் கொடுத்தேன். அம்மாவிடம் சொன்னேன். "பாயிண்ட்ல போட்டியாடா?" என்று கேட்டாங்க. இல்லம்மா, காசுதான் என்றேன். "அப்போ கண்டிப்பா வருவா" என்றாங்க.

(முடிந்தது. உங்க கார்டில் காசாக்கும் விலை எவ்வளவு என்று இன்றைக்கே பார்த்து, உங்க பாயிண்டை அதால் பெருக்கி, வரும் எண்ணை வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள். அது போதும்.)